ஜென்மப் பாவம் கேட்டவள்

எனக்கும் ஜென்மப் பாவம் உண்டு என்று சொல்லுங்கள் எனக் கேட்டு ஆயர் இல்லத்தின் படியேறிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் பாவத்தைத் தொலைக்க வருவார்கள். நான் வாங்க வந்தேன். வாசல் காவலாளி என்ன விஷயம் என்று கேட்டபோது ஒளிக்காமல் இதையே சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கல்தேரா சாமியப் பாக்கணுமா? மாடிக்குப் போங்க" என்று வழிவிட்டார். அந்த மாடிக்குக் கிறுக்கர்கள் வருவது வழக்கம் போலிருக்கிறது.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் தெக்லா. ஊர் சிப்பித்துறை, தூத்துக்குடிக்குத் தெற்கே, கடல் விழுங்கியது போக மிச்சமிருக்கும் கரை. பேட்டரி வள்ளங்களுக்குப் பழுது பார்ப்பது தொழில். அப்பா அம்மா இல்லை. இறந்துவிட்டார்கள் என்று நினைத்து உச்சுக்கொட்ட வேண்டாம். அவர்கள் இருந்ததே இல்லை.

என்னைக் கம்ப்யூட்டர் எழுதியது. பல லட்சம் பேருடைய மரபணுக்களைப் படித்துவிட்டு, யாருடையதையும் காப்பியடிக்காமல் புதிதாக ஒன்றை எழுத்தெழுத்தாக அது எழுத, ஒரு கம்பெனி அதை ரசாயனங்களிலிருந்து கட்டியது. அதற்கென்றே செய்த செல்லுக்குள் வைத்துக் கண்ணாடிக் கருப்பையில் வளர்த்தது. எந்த ஆணிடமிருந்தும் பெண்ணிடமிருந்தும் ஒரு துளிகூட எடுக்கவில்லை. இப்படி நாற்பது குழந்தைகள் பிறந்த பிறகு நீதிமன்றம் விழித்துக்கொண்டு கம்பெனியை இழுத்து மூடியது. எங்களை மனிதர்கள் என்று ஒரே தீர்ப்பில் ஒத்துக்கொண்டு தத்துக் கொடுத்தது. எனக்கு ஓட்டு உண்டு, வரி உண்டு, அதிவேகத்துக்கு அபராதம்கூட உண்டு. தொப்புளும் உண்டு. நிறையப் பேர் கேட்பதால் சொல்கிறேன். காட்ட மாட்டேன்.

என்னை வாங்கி வளர்த்தவர் சிப்பித்துறைப் பள்ளியில் கணக்கு எடுத்த டெல்பினா டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். கைக்குழந்தையாக என்னைத் தூக்கிக்கொண்டு ஞானஸ்நானம் கேட்டுக் கோயிலுக்குப் போனார். பங்குச் சாமியார் ஆயரைக் கேட்டார். ஆயர் ரோமாபுரியைக் கேட்டார். ரோமாபுரி யோசித்துச் சொல்வதாகச் சொன்னது. எனக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது, டீச்சரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ரோமாபுரி இன்னும் யோசிக்கிறது.

இதனால் எனக்கு அப்படியொன்றும் குறை இருந்ததில்லை. ஊரில் எல்லாரையும் போல ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், கடைசி பெஞ்சில் உட்காருவேன், பிரசங்கத்தில் தூங்குவேன். மீன் ஏலக்கூடத்தில் வாய்ச்சண்டை போடுவேன். ராயப்பன் என்கிற வள்ளக்காரனைக் காதலித்தேன். ஞானஸ்நானம் பெறாதவளைக் கட்ட விசேஷ அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று பேசி முடிவாகியிருந்தது. அவனுடைய அம்மா சேசம்மாள் மாமிக்கு என்னைப் பிடிக்காது. 'ஏட்டி' போட்டுத்தான் கூப்பிடுவார். நான் குழம்பு வைத்தால் மூக்கைச் சுளிப்பார். மாமியார் ஆகப்போகிறவர் அப்படித்தானே இருப்பார், அதிலெல்லாம் எனக்கு வருத்தமில்லை.

கெடுத்தது கல்தேரா சாமிதான். ஆயர் இல்லத்தில் தங்கிக் குருமடத்தில் விவிலியம் கற்பிப்பவர். தவக்காலத் தியானத்துக்கு எங்கள் ஊருக்கு வந்து, தொடக்கநூலின் முதல் அதிகாரங்களைப் பற்றிப் பேசினார். நன்றாகப் பேசுவார், அதை மறுக்க மாட்டேன்.

"ஆறு நாள்னா கடிகார நாள் இல்ல. சூரியனே நாலாம் நாள்தான் வருது. அப்ப முதல் மூணு நாளை எத வச்சு எண்ணுனாங்க? முதல் அதிகாரத்துல மனுஷன் மிருகங்களுக்கு அப்புறம் வாரான். ரெண்டாம் அதிகாரத்துல மிருகங்களுக்கு முன்னாலயே வந்துருதான். எழுதுனவங்க இதக் கவனிக்காமலா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சாங்க? உலகம் எப்படி உண்டாச்சுங்கிறத விஞ்ஞானம் சொல்லட்டும், நாம தடுக்கப்போறதில்ல. கடவுள் யாரு, மனுஷன் யாருன்னு சொல்ல வந்த எழுத்து இது. அடையாள மொழியில சொல்லுது. ஆதாம்ட்டருந்து பிறப்போட வார ஜென்மப் பாவம்னா, நாம எல்லாரும் அந்தத் தோட்டத்து வேலிக்கு வெளிய பொறந்தவங்கங்கிறதுதான். அடையாள மொழின்னா பொய்னு அர்த்தமில்ல."

ஊரே தலையாட்டியது. கடைசி பெஞ்சிலிருந்து நானும் ஆட்டினேன். அப்போது யாரோ எழுந்து, "அப்ப நம்ம தெக்லா ஆதாம் பிள்ளையா, இல்லையா சாமி?" என்று கேட்டுவிட்டார்கள். கல்தேரா சாமி சிரித்துக்கொண்டே, "சொல்லப்போனா, ஆதாம் வழியில வராததால அவளுக்கு ஜென்மப் பாவமே இல்லன்னுகூட வாதாடலாம்" என்றார்.

குருமடத்து மாணவர்கள் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். சிப்பித்துறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஜென்மப் பாவம் இல்லாமல் உற்பவித்தவர் மாதா ஒருவர்தான் என்று பால்குடி மாறுவதற்குள் மனப்பாடம் செய்கிற ஊர் இது. டிசம்பரில் அதற்குத் திருவிழா எடுத்து, கொடியேற்றி, சப்பரம் தூக்குகிற ஊர். இப்போது மாதாவுக்குத் துணையாகப் பழுது பார்க்கும் கொட்டகையில் ஒருத்தி கிரீஸ் கையோடு உட்கார்ந்திருக்கிறாள் என்று படித்த சாமியாரே சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் என் வாசற்படியில் மெழுகுவத்தி எரிந்தது. யாரோ காய்ச்சல் குழந்தையைக் கொண்டுவந்து என் காலடியில் கிடத்தினார்கள். டாக்டரிடம் போகச் சொல்லிக் கத்தினேன். "கோவத்துலகூட முகம் எப்படி ஜொலிக்கிது பாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வியர்வையில் ஜொலித்தது, வேறொன்றுமில்லை. புது வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கும்போது நான் தொட்டுக்கொடுக்க வேண்டும் என்று வந்து நின்றார்கள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. என்னோடு யாரும் சண்டை போடவில்லை. ஏலக்கூடத்தில் நான் போனால் வரிசை விலகி வழிவிட்டது. பழுது பார்த்த மோட்டார் மறுநாளே நின்றுபோனால் வள்ளக்காரன் என்னைத் திட்டாமல் தன் விதியை நொந்துகொண்டான். பெண்கள் கூடி ஊர்வம்பு பேசும் இடத்துக்குப் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்று, ஒருத்தி செபமாலையை எடுப்பாள். வம்பு பேசாதவர்களுக்கு நடுவில் எப்படி வாழ்வது? தனியாக இருப்பது எனக்குப் புதிதில்லை. உயரத்தில் ஏற்றி வைத்துத் தனியாக விட்டது ஆத்திரமாக இருந்தது.

ராயப்பன் என்னைக் கடற்கரையில் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான். நானே அவன் வள்ளத்துக்குப் போய் முன்னால் நின்றேன்.

"என்னலே, நான் வந்தா ஓடுத?"

"ஓடல. அம்மா சொல்லுது…" வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினான். "நாங்க பாவம் உள்ளவங்க. ஒன்னத் தொட்டா அது ஒனக்கு ஒட்டிக்கிடும். மாதா மாதிரி இருக்கவளக் கெடுத்தவன்னு நாளைக்கு ஊரு பேசும்."

"போன மாசம் வரைக்கும் தொட்டியே, அப்ப ஒட்டலயா?"

"அப்பத் தெரியாதுல்லா" என்றான் பாவி. கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றான். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவன் வலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அங்கிருந்து நேராகப் பஸ் ஏறித்தான் ஆயர் இல்லத்துக்கு வந்தேன்.

கல்தேரா சாமி புத்தகங்களுக்கு நடுவில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இவரும் ஆரம்பித்துவிட்டாரோ என்று பயமாக இருந்தது.

"உக்காரும்மா. நீ ஏன் வந்திருக்கன்னு தெரியும். எங்கிட்ட வேற ஆளுங்களும் வந்தாங்க. உன் படத்த மந்திரிச்சுத் தரச்சொல்லி."

"வெளையாட்டாச் சொல்லிட்டேன்னு ஊருக்கு வந்து சொல்லுங்க. முடிஞ்சுபோகும்."

"வெளையாட்டு இல்லம்மா, அதான் சங்கடம். யோசிச்சுப் பாத்தா அது சரியான வாதம்தான்." மேசையில் விரலால் கோடு போட்டுக்கொண்டே பேசினார். "உடல் பரிணாமத்துல வந்திருக்கலாம்னு திருச்சபை ரொம்ப காலம் முன்னாலயே வழிவிட்டாச்சு. ஆனா ஜென்மப் பாவம் வேற விஷயம். அது பிறப்பு வழியா வருது, அடுத்தவங்களப் பாத்துச் செய்யறதால வர்றது இல்லன்னு ஆயருங்க கூடுன பழைய திருச்சங்கம் ஒண்ணு தெளிவா வரையறுத்திருக்கு. உன்ன எழுதுன கம்ப்யூட்டர் மனுஷங்களப் பாத்துத்தான் எழுதிச்சு. உனக்குப் பிறப்பு வழியே இல்லையே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஆறு நாள் அடையாளம். வெலா எலும்பு அடையாளம். பாம்பு அடையாளம், பழம் அடையாளம். எல்லாத்தையும் அர்த்தம் பாத்து வாசிக்கணும்னு எங்க ஊர்ல வந்து சொன்னீங்க. எங்கிட்ட வரும்போது மட்டும் ஆதாம் ரத்தம் இருக்கான்னு சோதிச்சுப் பாக்கீங்களே, இது என்ன நியாயம்?"

"ஆதாம் ஒருத்தரா, ஒரு கூட்டமான்னு நாங்களே இன்னும் விவாதிச்சிட்டுத்தான் இருக்கோம். ஆனா மனுஷங்க எல்லாரும் ஒரே குடும்பங்கிறதுல விவாதமில்ல. அந்தக் குடும்பத்துல நீ எங்க வாரேங்கிறதுதான் கேள்வி."

"அந்தக் கதையில ஆதாமுக்கு மட்டும் அம்மா அப்பா இருந்தாங்களா? மண்ணு, மூச்சு, அவ்வளவுதான? அப்படிப் பாத்தா இந்த ரூம்ல ஆதாம் மாதிரி இருக்கறது நான்தான். நீங்க இல்ல."

"அதத்தான் நானும் பயந்துகிட்டுச் சொல்றேன்" என்றார். "ஆதாமும் ஏவாளும் தொடக்கத்துல ஜென்மப் பாவம் இல்லாமதான் இருந்தாங்க. நீங்க நாப்பது பேரும் இன்னொரு தொடக்கமா இருந்தா?"

"நான் பொய் சொல்லியிருக்கேன். திருடியிருக்கேன். டெல்பினா டீச்சர் பர்ஸ்லயே கைய வச்சிருக்கேன்."

"அது நீ செஞ்ச பாவம். ஏவாளும் ஜென்மப் பாவம் இல்லாமதான் பழத்தப் பறிச்சா."

எப்படிப் போனாலும் மடக்குகிறவரிடம் என்ன பேசுவது? எழுந்து ஜன்னலோரம் போய் நின்றேன். கீழே சாலையில் ஒருவன் தண்ணீர் வண்டியைத் தள்ளமுடியாமல் தள்ளிக்கொண்டு போனான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சரி சாமி, நான் ஏவாள். அப்ப எனக்குன்னு ஒரு தோட்டம் இருந்திருக்கணும்ல? எங்க அது? நான் கண்ணு முழிச்சது ஆஸ்பத்திரி வெளிச்சத்துல. மூணு மாசத்துல நிமோனியா. ஆறு வயசுல பள்ளிக்கூடத்துல 'டப்பாப் பொண்ணு'ன்னு கூப்பிட்டாங்க. வேர்வை சிந்தித்தான் சாப்பிடுதேன். எங்க டீச்சர் சாகறத பக்கத்துல இருந்து பாத்தேன். எனக்கு யாரும் தோட்டத்தத் தொறந்து காட்டல. நான் பொறந்ததே வேலிக்கு வெளிய. அப்படி வெளிய பொறக்குறதுக்குப் பேருதான ஜென்மப் பாவம்? நீங்கதான அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?"

கல்தேரா சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றார். "ஆனா இத வச்சு ஆயரச் சம்மதிக்க வைக்க முடியாது. அவர் சம்மதிக்கக்கூடியது ஒண்ணுதான். பழைய சடங்கு நூல்ல ஒரு முறை இருக்கு. உருத்தெரியாமப் பிறந்த பிள்ளைங்களுக்கு அந்தக் காலத்துல அப்படிச் செய்வாங்க. நிபந்தனையோட ஞானஸ்நானம். தண்ணிய ஊத்துறதுக்கு முன்னால, 'நீ மனிதப் பிறவியானால்'னு ஒரு வார்த்தை சேக்கணும்."

எனக்குச் செவிட்டில் அறைந்தது போல இருந்தது. அவருக்கும் அது தெரிந்தது.

"மெதுவாச் சொல்லுதேம்மா. யாருக்கும் கேக்காது. ஞானஸ்நானம் வாங்கிட்டா நீயும் எல்லாரையும் மாதிரி. மெழுகுவத்தி நின்னுபோகும். கல்யாணம் நடக்கும்."

ராயப்பனுக்காக ஒத்துக்கொண்டேன். அவன் அந்த அளவுக்குத் தகுதியானவனா என்று கேட்காதீர்கள். அவனோடு சண்டை போடாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஆயரும் சம்மதிக்க, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. ஞானத்தாயாக நிற்க ஊரில் யாரும் முன்வரவில்லை. பாவமில்லாதவளுக்குத் தாயாக நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்? கடைசியில் மகனுக்காகச் சேசம்மாள் மாமியே வந்து நின்றார். ஞானத்தாய் தோளில் கைவைக்க வேண்டும். மாமி என் தோளுக்கு மேலே, தொடாமல், காற்றில் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்பெஞ்சில் ராயப்பன் தலையைக் குனிந்திருந்தான்.

நான் தொட்டியின் மேல் குனிந்தேன். கல்தேரா சாமி செம்பில் தண்ணீரை மொண்டார். சொன்னபடியே மெதுவாக, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "தெக்லா, நீ மனிதப் பிறவியானால்…" என்று ஆரம்பித்தார்.

ஒத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். ஆனால் காதில் விழுந்தபோது என் உடம்பு கேட்கவில்லை. நிமிர்ந்துவிட்டேன். செம்பு தட்டுப்பட்டுப் பாதித் தண்ணீர் அவருடைய அங்கியில் கொட்டியது.

"சத்தமாச் சொல்லுங்க சாமி."

"தெக்லா, வேண்டாம்மா. குனி."

"அப்ப நான் சொல்லுதேன்." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன். "எல்லாரும் கேளுங்க. நான் மனுஷியா இருந்தாத்தான் இந்தத் தண்ணி செல்லுமாம். இல்லன்னா செல்லாதாம். உங்கள்ல யாருக்காவது இப்படிக் கேட்டு ஊத்துனாங்களா? கைதூக்குங்க பாப்போம்!"

ஒரு கையும் எழவில்லை.

"எனக்கு மெழுகுவத்தியும் வேண்டாம், இந்த நிபந்தனையும் வேண்டாம். நீங்க என்ன மாதாவாக்குனீங்க. இவங்க என்ன சந்தேகமாக்குறாங்க. ரெண்டும் ஒண்ணுதான். மனுஷின்னு ஊத்துங்க. முடியலன்னா செம்பக் கீழ வைங்க. கல்யாணம் நின்னாலும் சரி, நான் இப்படியே போறேன்!"

முதுகில் பளீரென்று ஓர் அறை விழுந்தது.

"ஏட்டி!" சேசம்மாள் மாமியின் குரல் கோயில் கூரையில் மோதியது. "வாயப் பாரு வாய! கோயிலுக்குள்ள நின்னு சாமிய எதுத்துப் பேசுத. எம்மகன் கல்யாணத்த நிறுத்த நீ யாருட்டி? ஒன்ன ஒண்ணும் சொல்லக்கூடாதுன்னு இத்தன நாளா நாக்க மடக்கிட்டுக் கெடந்தேன். அகங்காரம் புடிச்சவளே! வேண்டாம்னு சொன்னதத்தான் செய்வேன்னு நிக்கா, ஏவாளுக்குத் தப்பாமப் பொறந்திருக்கா பாரு!"

சொல்லிமுடித்த பிறகுதான் மாமிக்குத் தான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. கையைப் பார்த்துக்கொண்டார். மாதாவை அறைந்த கை. வாயைப் பொத்திக்கொண்டார்.

பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பக்கத்துக்குப் பரவி, பெண்கள் பகுதிக்குத் தாவி, கோயில் முழுவதும் சிரித்தது. ராயப்பன் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றான். எனக்கு முதுகு எரிந்தது. இத்தனை நாளில் என்மேல் விழுந்த முதல் கை அது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

கல்தேரா சாமி சிரிக்கவில்லை. மாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும் செம்பில் தண்ணீரை மொண்டார். உதடு ஒருகணம் ஓசையில்லாமல் அசைந்தது. அப்புறம் கோயிலுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"தெக்லா, தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்."

முன்னால் ஒன்றும் இல்லை. நான் காதைத் தீட்டிக்கொண்டுதான் குனிந்திருந்தேன். தண்ணீர் மூன்று முறை தலையில் விழுந்தது. என் தோளில் ஒரு கை அழுத்தமாக, கொஞ்சம் வலிக்கும்படியே இருந்தது.

பூசை முடிந்து, பீடத்துக்குப் பின்னாலிருக்கும் அறையில் கல்தேரா சாமி ஈர அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "நாளைக்கு ஆயர் கூப்பிடுவார். குருமடத்துல பாடம் எடுக்கறது இதோட சரி" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். "ஆனா ஊத்துன தண்ணிய யாராலயும் திரும்ப எடுக்க முடியாது. உன்ன நிபந்தனை இல்லாம ஏத்துக்கிட்டாச்சு. இனி மத்த முப்பத்தொம்பது பேருக்கும் இல்லன்னு சொல்ல வழியில்ல."

நன்றி சொல்லத்தான் வந்தேன், ஆனால் என் வாய் எனக்கு அடங்காது.

"இப்பவாவது சொல்லுங்க. எனக்கு ஜென்மப் பாவம் இருந்துச்சா, இல்லயா?"

"தெரியாது. இருந்திருந்தா, இப்பப் போயிருச்சு."

கேட்டு வாங்கப் போனதை, கையில் கொடுக்கும்போதே கழுவி ஊற்றிவிட்டார்கள். ஞானஸ்நானம் எதற்கு என்று சின்ன வயதிலிருந்து தெரியும். ஆத்திரத்தில் அதை யோசிக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது.

"ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தாம்மா. இருந்துச்சு, கழுவியாச்சு. அவங்க எங்க நிக்காங்களோ அங்கதான் நீயும் நிக்க."

கிளம்பும்போதுதான் கேட்டேன். "அந்த வார்த்தைய ஏன் விட்டீங்க சாமி?"

"விடலயே. மனசுக்குள்ள சொன்னேன்."

ஓசையில்லாமல் அசைந்த உதடு கண்முன் வந்தது. அப்படியானால் இவ்வளவும் எதற்கு? என் தலையில் விழுந்தது இன்னும் சந்தேகத் தண்ணீர்தானா?

"உன்னப் பத்தி இல்ல" என்றார். மடித்த அங்கியை மேசைமேல் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். "'நான் மனுஷனா இருந்தா'ன்னு சொல்லிட்டுத்தான் ஊத்துனேன்."

வெளியே சேசம்மாள் மாமி, ஈரத் தலையோடு எவ்வளவு நேரம்டி அங்கே நிற்பாய் என்று கத்திக்கொண்டிருந்தார். நான் போனேன்.